ரிலீவர் வராத ஷிப்ட்

ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர் யாராக இருந்தாலும் நான் முதலில் கட்டிலில் படுக்கத்தான் சொன்னேன். கேஸ் ஷீட் அப்புறம், மானிட்டர் அப்புறம், மருந்து அலமாரிச் சாவி அதற்கும் அப்புறம். "செருப்பைக் கழட்டிட்டு அந்தக் காலி பெட்ல மல்லாந்து படு. நான் எழுப்புற வரைக்கும் எழுந்துக்காதே" என்பேன். சிலர் சிரித்தீர்கள். சிலர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கதவையே பார்த்துக்கொண்டு படுத்தீர்கள். ஒருவர் குறட்டையே விட்டார். பெயர் வேண்டாம், இப்போது நல்ல பதவியில் இருக்கிறார். இதை வைத்து என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் கிண்டல் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். காது எனக்கு இன்றைக்கும் நன்றாகவே கேட்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் ஃபோன் செய்து, "எதுக்கு சிஸ்டர் எங்களைப் படுக்க வெச்சீங்க?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இருசப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருசப்பனைப் பற்றிச் சொன்னால் சூசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1991. அந்த வருடம் எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் எல்லா தேசத்துப் பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அதே வருடம், மழை முடிந்த சமயத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நடந்த விஷயம். ஒரகடம் பக்கம் நீங்கள் இன்று பார்க்கிற கம்பெனி வரிசை அப்போது கிடையாது. வல்லம் வடகாலில் நெல் விளைந்தது, நெல் வயலில் பாம்பும் இருந்தது. ரோட்டோரமாக இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று சில கம்பெனிகள். பாம்புக் கடியும் ரோடு விபத்தும்தான் எங்களுக்கு முக்கால்வாசி கேஸ்.

ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. புதிதாகத் திறந்திருந்தார்கள். புதிது என்றால் பெயர்தான் புதிது. பழைய எக்ஸ்ரே அறையைக் காலி செய்து நாலு கட்டில் போட்டு, ஏ.சி. மாட்டி, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட மானிட்டர்களைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எக்ஸ்ரே அறை என்பதால் சுவர் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கும். ஜன்னல் கிடையாது. டியூப்லைட்டை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு, அதனால் அணைப்பதே இல்லை. கதவில் ஒரு ஸ்பிரிங் உண்டு. யார் உள்ளே வந்தாலும் போனாலும் 'டமார்' என்று அடித்துச் சாத்தும். எங்களுக்கோ அந்த அறையில் வேலை பார்ப்பதில் அவ்வளவு பெருமை. ஊரிலேயே ஏ.சி. இருக்கிற இடம் அதுதானே.

அந்த அறையின் பொறுப்பு ஒரு பெரிய சிஸ்டரிடம் இருந்தது. தெற்கத்திக்காரர். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இருந்த காலத்தில் ஒரு பிரிவுபசார போட்டோவில்கூட நிற்கமாட்டேன் என்றவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்தான் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல். நர்சிங் படித்துவிட்டு வந்தவளைப் படுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? டியூப்லைட் நேராகக் கண்ணில் அடித்தது. தலைக்குப் பின்னால் எதுவோ சத்தம் போட்டது, திரும்பிப் பார்த்தாலும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "என்ன பிள்ளே, எப்படி இருக்கு?" என்றார்.

"கண்ணு கூசுது சிஸ்டர்."

"சரி, எந்திரி. இத மறந்துராத, என்ன?"

சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டேன். அது ஞாபகத்துக்கு வர இருசப்பன் வரவேண்டியிருந்தது.

இருசப்பன் வடக்குப்பட்டுக்காரர். ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை அச்சுக்குக் கீழே வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அதை வெட்டியோ வளைத்தோ கொடுக்கும், அந்த மிஷினில் வேலை. மத்தியானம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டது. விலா எலும்புகள் முறிந்து நெஞ்சுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அதை வடிக்க விலாப் பக்கத்தில் ஒரு டியூப் போட்டு, கட்டிலுக்குக் கீழே பாட்டிலில் விட்டிருந்தோம். அந்த டியூப்தான் அவருக்கு உயிர். அது வெளியே வந்துவிட்டால் மூச்சு நின்றுபோகும்.

முதல் நாள் சாதுவாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு ஆரம்பித்தது. படுத்திருப்பார், படுத்திருப்பார், திடீரென்று இரண்டு கையையும் வெடுக்கென்று மார்புப் பக்கம் இழுப்பார். இழுக்கிற வேகத்தில் நெஞ்சில் ஒட்டியிருக்கிற மானிட்டர் ஒயர் பிய்த்துக்கொள்ளும். ஒயர் கழன்றால் மானிட்டர் கத்தும். கத்தினதும் மறுபடியும் இழுப்பார். ஒருதடவை அந்த டியூபே கையோடு பாதி வந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து திரும்பத் தையல் போட்டார்.

அதனால் கையைக் கட்டினோம். மணிக்கட்டில் பஞ்சு சுற்றி, மேலே காஸ் துணியால் கட்டி, கட்டில் கம்பியில் முடிச்சு. அந்த நாளில் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். கட்டினதும் அடங்குவார் என்று பார்த்தால் அதிகமானது. கட்டோடு சேர்த்து இழுக்க ஆரம்பித்தார். கட்டில் ஆடியது. நாடி தறிகெட்டு ஓடியது. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளே ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ரிலீவர் வர்ல... ரிலீவர் வர்ல..."

ரிலீவர் என்றால் அடுத்த ஷிப்டுக்கு வந்து நம்மை விடுவிக்கிற ஆள். எங்களுக்கும் அதே வார்த்தைதான். நான் கட்டைச் சரிபார்த்துக்கொண்டே, "எனக்கும்தான் வர்லண்ணா. வந்தா ரெண்டு பேரும் ஒண்ணாவே வூட்டுக்குப் போலாம்" என்றேன். பக்கத்தில் நின்ற அட்டெண்டர் சிரித்தார்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி அஞ்சலை உட்கார்ந்திருந்தது. ஒரு நாளில் இரண்டு தடவை எட்டிப் பார்க்க விடுவோம், அவ்வளவுதான். சின்ன டாக்டர் போய், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டு வந்தார். குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் இப்படிப் பிதற்றுவது உண்டு, அதனால் கேட்டார். அஞ்சலை என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஆஸ்பத்திரில கீற அத்தினி பேரும் கேட்டுட்டீங்க சிஸ்டர், இன்னும் வாட்ச்மேன்தான் பாக்கி. அவரு டீ குடிக்கிறதே வூட்லதான். வூட்ல ஒரு வார்த்த சத்தமா பேசமாட்டாரு. உள்ள இன்னா பண்றீங்க அவர? வெளிய வரைக்கும் கேக்குது."

நான் கேஸ் ஷீட்டில் 'குடிப்பழக்கம் இல்லை' என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த நாள் பெரிய டாக்டர் கட்டிலோரம் ரொம்ப நேரம் நின்றார். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைக்கலாம். ஆனால் நொறுங்கிய விலா எலும்போடு இழுத்து இழுத்து மூச்சு விடுகிறவருக்கு மயக்கம் கொடுத்தால் அந்த மூச்சும் குறையும். அப்போது வென்டிலேட்டர் வேண்டும். எங்களிடம் இருந்ததே ஒன்று. அது அடுத்த கட்டிலில் வல்லம் வடகால் முனியம்மாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. களை எடுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து, விஷம் ஏறி, கண் இமையைக்கூடத் தூக்க முடியாமல் கட்டையாகக் கிடந்தார்.

"இப்படியே விட்டா இவர் ஹார்ட் தாங்காது" என்றார் டாக்டர். "மெட்ராஸுக்கு அனுப்பறதைத் தவிர வழியில்லை. மத்தியானம் வேன் வருது. கௌரி, நீ கூடப் போ."

போ என்று சொன்னவர் முகத்தில் அது நல்லபடியாக நடக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சமும் இல்லை. பூந்தமல்லி வரை ரோடு எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆடுகிற வேனில் இவர் கையை இழுத்து டியூப் வந்துவிட்டால் நான் ஒருத்தி என்ன செய்வேன்? அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வழியில போய்டுமா சிஸ்டர்?" என்று கேட்டது. நான், "நான் கூட வரேம்மா" என்று மட்டும் சொன்னேன். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. இதை மறைக்க ஒன்றுமில்லை.

வேனுக்குச் சாமான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சூசை வந்தார். நீலச் சட்டையெல்லாம் கிரீஸ். கையில் ஒரு டிபன் கேரியர். ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு உள்ளேயும் வராமல் போகவும் மாட்டாமல் தவித்தார். அஞ்சலை அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாருப்பா நீ?"

"மண்ணூரு, சிஸ்டர். சூசை. அண்ணன்கூட ஒரே கம்பெனி. அண்ணன் டிபன் கேரியர் மிஷின்கிட்டயே விட்டுட்டு வந்துச்சி, அத்த குட்த்துட்டுப் போலாம்னு..." கேரியரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "அன்னிக்கி நான் லேட்டா போனேன் சிஸ்டர். சைக்கிள் பஞ்சர். நான் வர்ற வரைக்கும் மிஷின விட்டு அண்ணன் நகரல. மத்த ஆளுங்கல்லாம் கூட்டமா கெளம்பிப் போய்ட்டாங்க. இது மட்டும் தனியா, லேட்டா சைக்கிள்ல போச்சி. நான் டயத்துக்குப் போயிருந்தா..."

"அப்போ நீதான் ரிலீவரா?"

"ஆமா சிஸ்டர். அண்ணன் ஆள் இல்லாததால அன்னிலேர்ந்து டெய்லி டபுள் ஷிப்ட் போட்டுட்டாங்க. இப்பதான் வுட்டாங்க."

அந்த நேரம் உள்ளே மானிட்டர் கத்தியது. என் எதிரே நின்றிருந்த சூசையின் இரண்டு கைகளும் வெடுக்கென்று மார்புப் பக்கம் வந்தன. டிபன் கேரியர் கீழே விழுந்து உருண்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கை போனது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அசடு வழியக் குனிந்து பாத்திரங்களைப் பொறுக்கினார். நான் பார்த்தது அவர் மணிக்கட்டை. இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி கருப்பாகத் தழும்பு.

"இது இன்னாப்பா?"

"பட்டை சிஸ்டர். அச்சு எறங்கறப்ப கை உள்ள இருந்தா போய்டும்ல? அதுக்குத்தான் கையில தோல் பட்டை போட்டு மிஷினோட கயித்துல கட்டியிருப்பாங்க. எறங்கறதுக்கு முன்னாடி பஸர் அடிக்கும், கைய இழுத்துக்கணும். நாம மறந்தாலும் கயிறு இழுத்துரும்." உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோ, இதே சத்தந்தான் சிஸ்டர். அப்படியே எங்க மிஷினாட்டமே அடிக்குது."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். இருசப்பன் கட்டிலோரம் நின்று, மல்லாந்து படுத்திருக்கிறவருக்கு என்ன தெரியும், என்ன கேட்கும் என்று முதல்தடவையாக யோசித்தேன். தலைக்குப் பின்னால் பஸர் அடிக்கிறது. மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறது. லைட் அணைவதே இல்லை. பொழுது விடிந்ததும் தெரியவில்லை, சாய்ந்ததும் தெரியவில்லை. ரிலீவர் வரவில்லை. அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கவே இல்லை. விலா நொறுங்கிய உடம்போடு அத்தனை நாளும் மிஷினில் நின்று ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுத்திருந்தோம்.

பெரிய சிஸ்டர் முனியம்மாவின் தொண்டையிலிருந்து சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய், "சிஸ்டர், இவரோட ரிலீவர் வெளியில நிக்கிறாரு. உள்ள கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன். கிரீஸ் சட்டையோடு வெளியாளை ஐ.சி.யூ.வுக்குள் விடுவதா? வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கைய நல்லா கழுவச் சொல்லு" என்றார்.

சூசை கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், மேலே ஒரு கவுனை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு நேராக முன்னால் போகாமல் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போய், பின்னாலிருந்து இருசப்பனின் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிரஸ் ஷாப் இரைச்சலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காதாம். தோளில் கை பட்டால்தான் ஆள் வந்ததாக அர்த்தம்.

"அண்ணா, நான் வந்துட்டேன். லேட்டாய்டுச்சி. நீ போ, நான் பாத்துக்கறேன்."

இருசப்பனின் கண் மேலே தேடியது. மாஸ்க்குக்குள்ளிருந்து சாதாரணக் குரலில், கோபமே இல்லாமல் கேட்டார்: "ஏன்டா லேட்டு?"

"பஞ்சர்ணா." சூசைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கிளட்ச் சரியில்ல. ரெண்டு வாட்டி அச்சு தானா எறங்கிச்சி. ஃபோர்மேனாண்ட சொல்லிட்டேன். கை ஜாக்கிரத."

"சரிண்ணா."

இருசப்பன் கட்டியிருந்த இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் தூக்கிக் காட்டினார். பட்டையை ரிலீவர்தான் அவிழ்த்துவிடவேண்டும், அது அவர்கள் வழக்கம். சூசையும் யோசிக்கவே இல்லை. முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். கட்டை அவிழ்க்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டாக்டர் அறையில் இல்லை. பெரிய சிஸ்டரின் இரண்டு கையும் முனியம்மாவிடம். கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஓட நேரமில்லை. தடுத்தால், வந்த ரிலீவரையும் நாங்கள் துரத்தியதாக ஆகும். தடுக்காமல் விட்டு, அந்தக் கை டியூபைப் பிடுங்கினால் ஆள் என் கண்முன்னாலேயே போய்விடுவார். நான் சூசையைத் தடுக்கவில்லை. டியூப் நுழைகிற இடத்தில் என் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு குனிந்து நின்றேன். எந்தப் படிப்பிலும் அப்படிச் சொல்லித்தரவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

ஒரு கை அவிழ்ந்தது. இன்னொரு கையும் அவிழ்ந்தது. வலது கை எழும்பி வந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. அது வந்து என் கையின் மேல் விழுந்து, அப்படியே கிடந்தது. பிறகு கனத்தது. நிமிர்ந்து பார்த்தால் இருசப்பன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மானிட்டரில் நாடி எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டு வந்தது.

பெரிய டாக்டர் வேன் டிரைவரோடு உள்ளே நுழைந்தபோது நான் அதே நிலையில்தான் நின்றுகொண்டிருந்தேன். கட்டு அவிழ்ந்திருந்ததைப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். தலைமாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற சூசையைப் பார்த்தார். நான் மெல்லிய குரலில் உளறிக்கொட்டினேன், பட்டை, பஸர், ரிலீவர் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டிரைவர் பக்கம் திரும்பி, "தம்பி, கேன்டீன்ல டீ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. பேஷன்ட் வரலை" என்றார். கதவு டமாரென்று சாத்திவிடாமல் தன் கையாலேயே பிடித்து மூடிக்கொண்டு போனார். அந்த டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கதவை அவர் மூடிய விதம்தான்.

வெளியே அஞ்சலையிடம் நான் சொன்னேன். அது கொஞ்ச நேரம் அழுதது. பிறகு பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த சூசையைப் பார்த்து, "துன்னியா எதுனா?" என்று கேட்டது. தலையாட்டலில் இல்லை என்று தெரிந்ததும், காலையில் யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த சோற்றை அதே டிபன் கேரியரைக் கழுவி அதில் போட்டுக் கொடுத்தது. அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இருசப்பன் விழித்ததும் மறுபடியும் பஸர் அடித்தது, மறுபடியும் கை போனது. சூசைக்கு ஷிப்ட் உண்டு, கூடவே இருக்க முடியாது. அதனால் அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். டூட்டி மாறும்போதெல்லாம் புதிதாக வருகிறவர் தலைமாட்டுக்குப் போய்த் தோளில் கையை வைத்து, "அண்ணா, நான் கௌரி வந்துட்டேன். இது ஆஸ்பத்திரி. இப்ப காலை நேரம். நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லவேண்டும். பெரிய சிஸ்டர் மானிட்டரின் ஸ்பீக்கர் ஓட்டையில் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, "சத்தம் கொறஞ்சா நம்ம கண்ணு கூடணும், கேட்டியா? எவளாவது கட்டில விட்டு நகர்ந்தீங்கன்னா பாத்துக்கிடுங்க" என்றார். நீங்கள் பிளாஸ்திரி ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள். இப்போது சத்தத்தைக் குறைக்கப் பொத்தானே இருக்கிறது, அதை எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்ல ஆளும் இருக்கிறார். அஞ்சலைக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டோம். ராத்திரியில் லைட்டைக் குறைத்தோம். பெரிய டாக்டர் எங்கிருந்தோ பணம் புரட்டி, கொத்தனாரைக் கூட்டிவந்து ஜன்னல் வைக்கச் சொன்னார். அந்தச் சுவரை உடைப்பதற்குள் கொத்தனார் எங்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். அதற்குள் இருசப்பன் வார்டுக்குப் போய்விட்டார், அது வேறு விஷயம்.

முனியம்மாவைச் சொல்லாமல் விட்டால் அந்தம்மா என்னைச் சும்மா விடாது. விஷம் இறங்கி, தொண்டையிலிருந்த டியூபை எடுத்து, குரல் திரும்பியதும் அது பேசிய முதல் பேச்சே சண்டைதான்.

"கண்ணத் தொறக்க முடியலன்னா காதும் செத்துப்போச்சின்னா நெனச்சிக்கினீங்க? எனக்கு அல்லாம் கேட்டுச்சி. உனக்கு மாப்ள பாக்கறது, அந்தக் கொழம்புல உப்பு ஜாஸ்தியானது, அல்லாம். 'பாம்புக் கேஸ் தேறுமா'ன்னு என் தலமாட்டுலயே நின்னுக்கினு ஒருத்தி கேக்கறா. தேறும்டின்னு சொல்லணும்னு கீது, நாக்கு எழும்பல."

எனக்கு வெட்கத்தில் எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அப்புறம் அது என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னது: "ஒரு ஆம்பள வந்து 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னு யாராண்டயோ சொன்னான். எனக்கு இல்லன்னு தெரியும். ஆனா அத்தக் கேட்டதும் எனக்கும் தூக்கம் வந்துச்சிடி கௌரி."

அதற்குப் பிறகு எங்கள் அறையில் எந்தக் கட்டிலையும் விடவில்லை. நினைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், டூட்டி மாறும்போது எல்லோருக்கும் தோளில் கையை வைத்துச் சொன்னோம். முதலில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. சில அட்டெண்டர்கள் நாங்கள் போகிறபோது, "சிஸ்டர், எனக்கும் சொல்லிட்டுப் போங்க" என்று கலாட்டா செய்தார்கள். பிறகு அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

இருசப்பன் பிழைத்தார். கம்பெனியில் அவரை மிஷினிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். நெடுநாள் கழித்து அவரும் சூசையும் ஒரே சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். அவர் நம்பவே இல்லை. "நானா? நான் அப்படில்லாம் கத்தமாட்டேன் சிஸ்டர்" என்றார். அஞ்சலை சொன்னது சரிதான், மெதுவாகத்தான் பேசினார். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஒரு பெரிய ஷிப்ட் பாத்த மாதிரி கீது. இவன் வந்து வுட்டான். அவ்ளோதான்."

எனக்கு அவர் மேல் இருக்கிற நன்றியை அன்று சொல்லத் தெரியவில்லை. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு நின்றேன். இப்போது சொல்கிறேன். நான் பார்த்த நர்ஸ் வேலை இருசப்பன் கொடுத்தது, பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சூசை கொடுத்தது, கையைக் கழுவச் சொல்லு என்று ஒரு வார்த்தையில் கதவைத் திறந்துவிட்ட பெரிய சிஸ்டர் கொடுத்தது. என்னுடையது என்று அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் ஐ.சி.யூ.வில் ஜன்னல் இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது, சத்தம் எவ்வளவு என்று அளக்கக் கருவி இருக்கிறது. நல்லது. ஆனாலும் உங்கள் கட்டிலில் படுத்திருக்கிறவர் எந்த இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஜன்னல் உங்களுக்குச் சொல்லாது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இன்று எத்தனையோ விதமான அலாரம். தொட்டதற்கெல்லாம் லைன் நிற்கும், லைட் எரியும். அந்தச் சத்தத்தில் நாளெல்லாம் நின்றவர்தான் உங்களிடம் வருகிறார். கை இழுத்தால், கால் உதைத்தால், மருந்தை எடுப்பதற்கு முன் அவர் வேலை என்ன என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் மருந்து வேண்டுமானால் தாராளமாகக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, எல்லாம் முடிந்த பிறகும் நான் ஐ.சி.யூ.வை விட்டுக் கிளம்பவில்லை. ஒவ்வொரு கட்டிலாகப் போய் எதையாவது சரிசெய்துகொண்டிருந்தேன். போர்வையை இழுத்தேன், டிரிப் சொட்டை எண்ணினேன், இரண்டாவது கட்டில்காரரின் மாஸ்க்கைத் தேவையில்லாமல் ஒருதடவை கழற்றி மாட்டினேன். வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. உங்களில் ஒருத்தி, யாரென்று அவளுக்குத் தெரியும், பின்னாலிருந்து வந்து என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"சிஸ்டர், நான் வந்துட்டேன். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மூணாவது கட்டில் சக்கரத்துல பிரேக் பிடிக்கல" என்றேன். "மெயின்டனன்ஸ்ல சொல்லிட்டேன். ஜன்னலோரம் இருக்கிற அம்மாவுக்குக் காது நல்லா கேக்கும், பாத்துப் பேசுங்க."

"சரி சிஸ்டர்."

கழுத்தில் இருந்த ஐ.டி. கார்டை அவள்தான் கழற்றிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் அப்படியே படுத்துத் தூங்கிவிட்டேன்.